ஒரே புட்டியில் முழுப் பெருங்குடலா? எண்டோஸ்கோப்பி மருத்துவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

எண்டோஸ்கோப்பி பிரிவின் பொறுப்பு மருத்துவர்களுக்கும், சுற்றறிக்கையில் கையெழுத்திட்ட நிர்வாகத்தினருக்கும்,

பெருங்குடல் அழற்சி என்ற சந்தேகத்தில் எடுக்கப்படும் திசுத் துண்டுகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவையானாலும் இனி ஒரே ஃபார்மலின் (திசுவைப் பதப்படுத்தும் கரைசல்) புட்டியில் போட்டு அனுப்பப்படும், கோரிக்கைப் படிவத்தில் ஒரு வரிக் குறிப்பே போதும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். புட்டி, மெழுகுக் கட்டி, சிலைடு, ஆய்வகப் பணியாளரின் நேரம் என எல்லாவற்றிலும் சிக்கனம் என்பது நீங்கள் காட்டும் காரணம். எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தேன். "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது. அதோடு சரி. வெளியிடங்களிலிருந்து மறு ஆய்வுக்காக என்னிடம் வரும் சிலைடுகளைப் பார்த்தால், இந்தப் பழக்கம் ஓரிடத்தோடு நிற்கவில்லை என்பதும் புரிகிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் நோயியல் மருத்துவர். நோயாளியின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அரிது. என் மேசைக்கு வருபவை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளும் அவற்றோடு வரும் ஒரு தாளும்தான். அந்தத் தாளையும், துண்டு எங்கிருந்து வந்தது என்ற தகவலையும் பறித்துக்கொண்டு, "என்ன நோய் என்று சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள்.

நுண்ணோக்கியில் நாங்கள் முதலில் தேடுவது நோயின் பெயரை அல்ல. அழற்சி புதியதா, நாட்பட்டதா என்பதைத்தான். நலமான பெருங்குடலில் கிரிப்ட் எனப்படும் சுரப்பிக் குழிகள், தாங்கியில் செருகிய சோதனைக் குழாய்களைப் போல நேராகவும் இணையாகவும் சளிச்சவ்வின் அடித்தசை வரை இறங்கியிருக்கும். கிருமித்தொற்றால் திடீரென வந்த அழற்சியில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் பெருகி, குழிகளின் சுவருக்குள்ளும் புகுந்திருக்கும். ஆனால் குழிகளின் வரிசை பெரும்பாலும் குலைந்திருக்காது. பெருங்குடலின் உட்சவ்வைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற நாட்பட்ட நோயில் குழிகள் கிளைவிட்டிருக்கும், குட்டையாகியிருக்கும், ஆங்காங்கே காணாமலும் போயிருக்கும். குழிகளின் அடிக்கும் தசைக்கும் நடுவே, எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் அடைந்து கிடக்கும். குழிகளின் அமைப்பு இப்படிச் சிதையச் சில வாரங்கள் பிடிக்கும். அடியில் சேரும் பிளாஸ்மா செல்களோ அதற்கு முன்பே தலைகாட்டிவிடும்.

ஆகவே வயிற்றுப்போக்கு பத்து நாளாக இருக்கிறதா, பத்து மாதமாக இருக்கிறதா என்பது எனக்கு வெறும் விவரமல்ல. குழிகள் நேராக இருக்கும் ஒரு துண்டு, பத்து நாள் நோயாளியிடம் ஒன்றைச் சொல்கிறது. பத்து மாத நோயாளியிடம் வேறொன்றைச் சொல்கிறது. படிவத்தில் எனக்குக் கிடைப்பது "கொலைட்டிஸ்?" (பெருங்குடல் அழற்சியா?) என்ற ஒற்றைச் சொல்லும் ஒரு கேள்விக்குறியும். அந்தக் கேள்விக்குறியை அப்படியே திருப்பி அனுப்புவது எனக்கும் எளிதுதான்.

இப்போது புட்டிக்கு வருகிறேன். அண்மையில் பார்த்த ஒரு சிலைடைச் சொல்கிறேன். ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஏழு துண்டுகள். நான்கில் நாட்பட்ட அழற்சி தெளிவாக இருந்தது: கிளைவிட்ட குழிகள், அடியில் பிளாஸ்மா செல்கள், இரண்டு இடங்களில் குழிக்குள் சீழ். மற்ற மூன்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புட்டியின் மேல் "பெருங்குடல்" என்று மட்டும் எழுதியிருந்தது. அழற்சியுள்ள நான்கும் மலக்குடலிலும் அதை ஒட்டி மேலே உள்ள வளைந்த பகுதியான சிக்மாய்டிலும் எடுத்தவையாகவும், நல்ல மூன்றும் அதற்கு மேலே எடுத்தவையாகவும் இருந்தால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பக்கம் சாய்வேன்; அது மலக்குடலில் தொடங்கி இடைவெளியின்றி மேலே ஏறும் நோய். மலக்குடல் நன்றாக இருந்து, மேலே நல்ல பகுதியும் நோயுற்ற பகுதியும் மாறி மாறி வந்திருந்தால் குடலைத் திட்டுத்திட்டாகத் தாக்கும் கிரோன் நோயை நினைப்பேன். சிக்மாய்டில் மட்டும் நோய் இருந்து, அங்கே குடற்சுவரில் பைபோன்ற பிதுக்கங்களும் இருந்தால், அந்தப் பிதுக்கங்களைச் சார்ந்த அழற்சி என்று வேறொரு கணக்கு. ஒரே சிலைடு, ஒரே செல்கள், மூன்று வெவ்வேறு பதில்கள். எதை எழுதுவது என்பதை நுண்ணோக்கி தீர்மானிக்காது. புட்டியில் ஒட்டவேண்டிய சீட்டுதான் தீர்மானிக்கும்.

செல் அளவில்கூட இடம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. பேனத் செல்கள் என்று ஒரு வகை உண்டு. குழியின் அடியில் பளிச்சென்ற சிவப்புத் துகள்களோடு உட்கார்ந்திருக்கும். ஏறு குடலில் அவை இருப்பது இயல்பு. இறங்கு குடலிலோ மலக்குடலிலோ இருந்தால் நாட்பட்ட நோய் அங்கே வேலை செய்திருக்கிறது என்பதற்குத் தடயம். அழற்சிச் செல்களின் அடர்த்தியும் அப்படியே: வலப்பக்கத்தில் இயல்பாகவே அதிகம், இடப்பக்கம் வர வரக் குறையும். மலக்குடலின் குழிகள் நலமாக இருக்கும்போதே சற்று ஒழுங்கற்று இருக்கும். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டால், இயல்பானதை நோய் என்றும் நோயை இயல்பு என்றும் வாசிக்க வழி திறக்கிறது.

இன்னொன்றையும் நிர்வாகத்தினர் கவனிக்க வேண்டும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு, நோய் தொடங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் புற்றுநோய்க் கண்காணிப்புக் கொலனோஸ்கோப்பி (கேமரா குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) தொடங்குவது வழக்கம். மலக்குடலோடு நின்றுவிட்ட நோய்க்கு அது தேவையில்லை. நோய் எதுவரை ஏறியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதோடு விட முடியாது; கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடத்திலும் நுண்ணோக்கியில் நோய் இருக்கும். கலந்து வரும் புட்டி இந்தக் கணக்கை முளையிலேயே அழித்துவிடுகிறது. அதைவிட மோசமான நிலை ஒன்றும் உண்டு. ஏழு துண்டுகளில் ஒன்றில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைக் கண்டேன் என்று வையுங்கள். எந்த இடத்தில் என்று நீங்கள் என்னைக் கேட்பீர்கள். ஒன்றரை மீட்டர் நீளக் குடலில் எங்கோ ஓரிடத்தில் என்று நான் பதில் எழுதவேண்டும்.

ஒரு வரிக் குறிப்புக்கு நான் கண்ட விலை ஒன்றைச் சொல்கிறேன். புண்ணின் மேல் படிந்திருந்த கசிவுக்குள் சில உருண்டைச் செல்கள் தெரிந்தன. முதல் பார்வைக்கு அவை கிருமிகளை விழுங்கும் நம் உடலின் மேக்ரோஃபேஜ் செல்கள்போலவே இருந்தன. ஆழத்தில் மேலும் சில வெட்டுகள் போட்டு, பி.ஏ.எஸ். என்ற சிறப்புச் சாயமும் ஏற்றிப் பார்த்தபோது ஆழ்ந்த செந்நிறத்தில் எழுந்து நின்றன. இரண்டின் வயிற்றுக்குள் நோயாளியின் சிவப்பணுக்களே விழுங்கப்பட்டிருந்தன. எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்ற அமீபா ஒட்டுண்ணி. தொலைபேசியில் அழைத்தபோதுதான், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று கருதி அந்த நோயாளிக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு தொடங்கியாகிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அமீபா அழற்சியில் ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் வீங்கிப் புடைக்கலாம், ஓட்டை விழலாம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. "ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது" என்ற இரண்டு சொற்கள் படிவத்தில் இருந்திருந்தால் அந்தச் சிலைடு வரிசையில் காத்திருந்திருக்காது, முதலில் எடுத்திருப்பேன். அந்தப் புண்ணின் மேலிருந்த கசிவைக் கழுவித் தள்ளாமல் சேர்த்து எடுத்த மருத்துவருக்கு இங்கே நன்றி சொல்லியாக வேண்டும். அமீபா பெரும்பாலும் அந்த அழுக்கில்தான் இருக்கும். பலர் அதைச் சுத்தம் செய்துவிட்டு அழகான துண்டாகப் பார்த்து எடுத்து அனுப்புகிறார்கள்.

புண்ணில் எந்த இடத்தைக் கிள்ளுவது என்பதும் கேள்விக்கேற்ப மாறும். சைட்டோமெகாலோ வைரஸைத் தேடுகிறீர்கள் என்றால் புண்ணின் அடித்தளம் வேண்டும். ஆந்தைக் கண் போன்ற அந்த உட்கருக்கள் பெரும்பாலும் அங்குள்ள இரத்தக்குழாய்ச் சுவரின் செல்களில்தான் தெரியும். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருப்பவருக்கு அழற்சி திடீரென முற்றினால் இதைத் தேடியே ஆகவேண்டும். ஆனால் அவர் அந்த மருந்தில் இருக்கிறார் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

மருந்துகளைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல். வலி நிவாரணிகள் அழற்சியையும் புண்ணையும் உண்டாக்கும். உறுப்பு மாற்றத்துக்குப் பின் கொடுக்கும் மைக்கோஃபெனோலேட் மருந்து குழிகளின் செல்களை ஒவ்வொன்றாக மடியச் செய்யும். எலும்பு மச்சை மாற்றத்துக்குப் பின் வரும் கொடையாளர் செல்களின் தாக்குதலும் ஏறக்குறைய அதே தோற்றத்தைத் தரும். புற்றுநோய்க்கான புதிய இம்யூனோதெரபி மருந்துகள் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போலவே வேடம் போடும். குடலைச் சுத்தம் செய்ய நீங்களே கொடுக்கும் சோடியம் பாஸ்பேட் கரைசல்கூட ஆங்காங்கே நியூட்ரோஃபில்களை வரவழைத்து, சிறு புண்களையும் உண்டாக்கிவிடும். அதைப் பார்த்துக் கிரோன் நோயின் தொடக்கம் என்று ஒருவர் அறிக்கை எழுதினால் பழி யார் மேல்?

காசநோயும் கிரோன் நோயும் எதிரெதிரே நிற்கும் இடம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலின் தொடக்கத்திலும் புண் என்றால் இரண்டும் நினைவுக்கு வரவேண்டும். இரண்டிலும் கிரானுலோமா எனப்படும் அழற்சிச் செல் முடிச்சுகள் உண்டு. காசநோயில் அவை பெரியவை, ஒன்றோடொன்று சேர்ந்தவை, எண்ணிக்கையிலும் அதிகம். நடுவே பாலாடைபோல் அழுகிய திசு இருக்கலாம். புண்ணின் ஓரத்தில் எபிதீலாய்டு செல்கள் (மாற்றமடைந்த மேக்ரோஃபேஜ்கள்) பட்டையாக வரிசை கட்டி நிற்கும். கிரோன் நோயில் அவை சிறியவை, தளர்வானவை, அருகில் அழற்சியே இல்லாத இடத்தில்கூடத் தனியாக ஒன்று தென்படும். குழி உடைந்து அதன் சளி வெளியே கசிந்த இடத்திலும் கிரானுலோமா உருவாகும். அது கிரோன் நோய்க்குச் சான்றாகாது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் அது வரும். பாடநூலில் இவ்வளவும் தெளிவாக இருக்கிறது. மேசையில் வந்து சேரும் துண்டிலோ பல நேரம் கிரானுலோமாவே இருக்காது. காசநோய்க் கிருமியைத் தேடப் பயன்படும் ஜீல்-நீல்சன் சாயத்தில் கிருமி தெரியாமல் போவதும் மிகச் சாதாரணம். தெரியவில்லை என்பதற்காகக் காசநோய் இல்லை என்று எவரும் எழுத முடியாது.

அப்போது கைகொடுக்க வேண்டியவை கிருமி வளர்ப்பும் மரபணுப் பரிசோதனையும். ஃபார்மலினில் விழுந்த துண்டில் கிருமி வளராது. அதற்கென்று எடுத்த துண்டுகள் சலைனில் (உப்புநீரில்) தனியாக, உடனே, நுண்ணுயிரியல் பிரிவுக்குப் போகவேண்டும். "எல்லாம் ஒரே ஃபார்மலின் புட்டியில்" என்ற உங்கள் விதி இந்தக் கதவை அடைத்துவிடுகிறது. அதன் பிறகு மிஞ்சுவது ஊகம். ஊகம் ஒரு பக்கம் தவறினால் காசநோயாளிக்கு ஸ்டீராய்டோ, நோயெதிர்ப்பை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்தோ போகும். நோய் உடலெங்கும் பரவும். மறுபக்கம் தவறினால் கிரோன் நோயாளி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரைகளைச் சாப்பிடுவார். அதற்குள் குடல் சுருங்கிவிடும். புட்டியில் மிச்சம் பிடித்த தொகையை அப்போது எந்தக் கணக்கில் வரவு வைப்பீர்கள் என்று தெரியவில்லை.

"கொலனோஸ்கோப்பி இயல்பு, பயாப்சி (சோதனைக்கான திசுத் துண்டு) எடுக்கப்படவில்லை" என்று அறிக்கை எழுதி அனுப்பும் வழக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். மாதக்கணக்காக, இரத்தமில்லாமல், தண்ணீராகப் போகும் ஒருவருக்கு, குறிப்பாக நடுத்தர வயதைக் கடந்த பெண்ணுக்கு, இது பெரிய அநீதி. 1976-இல் ஸ்வீடனில் லிண்ட்ஸ்ட்ரோம் முதன்முதலில் விவரித்த கொலாஜன் வகை அழற்சியில், கண்ணுக்குக் குடல் பளபளவென்று நன்றாகவே இருக்கும். மேல்பரப்புச் செல்களுக்கு அடியில் மட்டும் கொலாஜன் பட்டை பத்து மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்திருக்கும். மேல்பரப்பு அதிலிருந்து உரிந்து விலகியும் இருக்கும். அதன் உடன்பிறப்பான லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு) வகையில், நூறு மேல்பரப்புச் செல்களுக்கு இருபதுக்கு மேல் லிம்போசைட்டுகள் உள்ளே நுழைந்திருக்கும். இரண்டையும் கண்டுபிடிக்க பயாப்சியைத் தவிர வேறு வழியில்லை. மலக்குடலில் மட்டும் கிள்ளினால் தவறவிடலாம். மேலே, வலப்பக்கத்திலும் எடுக்கவேண்டும். கண்டுபிடித்துவிட்டால் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு பெரும்பாலோருக்கு நன்றாகவே வேலை செய்யும். ஏதாவது ஒரு மாத்திரையை நிறுத்தியதுமே சரியாகிவிடுபவர்களும் உண்டு. அவர்களைத்தான் "மன அழுத்தம், உணவைக் கவனியுங்கள்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சிக்கனம் என்ற உங்கள் வாதத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆய்வகத்தில் ஆள் குறைவு, மெழுகுக் கட்டி போடுபவர் தலை நிமிர நேரமில்லாமல் வேலை செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. செல்லுலோஸ் அசிட்டேட் பட்டை ஒன்றின் மேல், சிறுகுடலின் கடைப்பகுதி முதல் மலக்குடல் வரை, எடுத்த வரிசையிலேயே துண்டுகளைச் சளிச்சவ்வு மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, தொடக்க முனையைச் சாய்வாக வெட்டி அடையாளமிட்டு அனுப்பலாம். பட்டையோடு சேர்த்தே மெழுகில் பதித்து வெட்டலாம். ஒரு புட்டி, ஒரு கட்டி, ஒரு சிலைடு. வரிசையும் காப்பாற்றப்படும், துண்டுகள் கவிழாமல் நிமிர்ந்தும் இருக்கும். கவிழ்ந்த துண்டைக் குறுக்கே வெட்டினால் குழிகள் வட்டங்களாகத்தான் தெரியும், அவை கிளைவிட்டனவா குட்டையாயினவா என்று சொல்லவே முடியாது. இயல்பான அடிச்சவ்வுகூடத் தடித்ததுபோல் ஏமாற்றும். பட்டையில் ஒழுங்காகப் பொருத்தும் செவிலியருக்கு ஆகும் கூடுதல் நேரம் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களை மிச்சம் பிடிப்பதற்காக நோயாளியை மறுபடியும் குடலைக் காலி செய்யச் சொல்லி, மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து, மறுபடியும் கருவியைச் செலுத்துகிறோம். அந்தச் செலவு உங்கள் சுற்றறிக்கையில் எங்கும் இல்லை. அது நோயாளியின் பையிலிருந்து போகிறது.

இரண்டாம் முறை எடுக்கும் பயாப்சி முதல் முறைக்கு ஈடாகவும் ஆகாது. சிகிச்சை தொடங்கிவிட்டால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் திட்டுத்திட்டாகக் குணமாகும். எனிமா மருந்து போட்டவரின் மலக்குடல் சுத்தமாகத் தெரியும். பார்ப்பவருக்கு அது கிரோன் நோயின் சாயலைத் தரும். அந்தச் சாயலை நம்பினால் பின்னாளில் அறுவை சிகிச்சை முடிவே மாறிவிடும்: பெருங்குடலை அகற்றிச் சிறுகுடலால் பை அமைப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு ஏற்ற வழி, கிரோன் நோயில் அந்தப் பை பழுதாகும் அபாயம் அதிகம். சிகிச்சைக்கு முந்தைய முதல் துண்டுகளுக்கு நிகர் அவை மட்டுமே. அவற்றைத்தான் இப்போது அடையாளம் தெரியாமல் கலக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

ஒரே புட்டி என்ற சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். நாட்பட்ட அழற்சி என்ற சந்தேகத்தில் முதன்முறை கொலனோஸ்கோப்பி செய்யும்போது, ஐரோப்பிய கிரோன் மற்றும் கொலைட்டிஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்வதுபோல, சிறுகுடலின் கடைப்பகுதியிலும், மலக்குடல் உட்பட பெருங்குடலின் ஐந்து இடங்களிலும், இடத்துக்குக் குறைந்தது இரண்டு துண்டுகள் எடுங்கள். நன்றாகத் தெரியும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே நோய் இல்லை என்பதும் எனக்கு ஒரு விடைதான். தனிப் புட்டிகளில் இடத்தின் பெயரோடு அனுப்புங்கள். அதற்கு வசதியில்லை என்றால் பட்டையைக் கொடுங்கள். செவிலியர்களுக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும் பயிற்சி தர நான் தயார், அதற்குத் தனி ஊதியம் வேண்டாம்.

கோரிக்கைப் படிவத்தை மாற்றுங்கள். எத்தனை நாளாக நோய், இரத்தம் போகிறதா, என்னென்ன மருந்துகள், ஸ்டீராய்டோ காசநோய் மருந்தோ தொடங்கிவிட்டதா, குடலில் என்ன பார்த்தீர்கள், என்ன சந்தேகிக்கிறீர்கள் என்ற கட்டங்கள் அதில் இருக்கட்டும். நிரப்பாத படிவத்தை ஆய்வகம் திருப்பி அனுப்ப அதிகாரம் கொடுங்கள். எடுத்த படங்களையும் இணைத்தால் இன்னும் நல்லது.

காசநோய்க்கு வாய்ப்புள்ள எவருக்கும், ஃபார்மலினுக்கு முன்பே சலைனில் தனித் துண்டுகள் எடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். நெடுநாள் தண்ணீர்ப் பேதி உள்ளவருக்குக் குடல் இயல்பாகத் தெரிந்தாலும் இரு பக்கமும் பயாப்சி எடுக்காமல் கருவியை வெளியே இழுக்காதீர்கள்.

எங்கள் தரப்பிலிருந்து நீங்கள் கேட்க வேண்டியதும் உண்டு. "குறிப்பிட்டுச் சொல்ல முடியாத அழற்சி" என்று முடித்துவிடும் அறிக்கையை ஏற்காதீர்கள். நாட்பட்டதற்கான அடையாளம் இருக்கிறதா இல்லையா, அழற்சி இப்போது தீவிரமா, எந்தெந்த இடத்தில், எந்த நோய் அதிகம் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று எழுதித் தரும்படி கேளுங்கள். கடினமான நோயாளிகளைப் பற்றி வாரம் ஒருமுறை நீங்கள், நுண்ணுயிரியல் பிரிவினர், கதிரியக்கப் பிரிவினர், நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து சிலைடைப் பார்த்துப் பேச நேரம் ஒதுக்குங்கள்.

இவற்றுக்கு எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை, கலந்து வரும் ஒவ்வொரு மாதிரியின் அறிக்கையிலும் "திசு எடுத்த இடங்கள் தெரிவிக்கப்படாததால் அழற்சியின் வகையைப் பிரித்துச் சொல்ல இயலவில்லை" என்ற வரியை எழுதிக் கையெழுத்திடுவேன். அறிக்கையின் ஒரு பிரதி நோயாளிக்கும் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் திசுத் துண்டுகளை நாள்தோறும் வாசிக்கும் ஒரு நோயியல் மருத்துவர்